கோபுரத்தைச் சோதிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, உரிமத்துக்கு ஒரு படிவம், பாதுகாப்புக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். எதை முதலில் நிரப்புவது?" படிவங்கள் இரண்டாக இருப்பது அலுவலக வசதிக்காக. மலை உச்சியிலோ மொட்டை மாடியிலோ நிற்கிற ஒலிபரப்பு நிலையம் ஒன்றுதான். உரிமத்தில் ஒரு வரி மீறப்பட்டிருந்தால் அந்த மீறல் எங்கோ ஒருவருடைய உயிருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அது கோபுரம் ஏறுகிறவராக இருக்கலாம், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவராக இருக்கலாம், தரையிறங்கும் விமானத்தில் இருக்கிறவர்களாகவும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

1. புறப்படுவதற்கு முந்தின நாளே உரிமத்தை முழுவதும் படித்துவிடுங்கள். அலைவரிசை, திறன், ஆன்டெனாவின் வகை, அதன் உயரம், நோக்கும் திசை, இடம், உரிமம் முடியும் தேதி எல்லாவற்றையும் உங்கள் கைப்பட ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிலையத்தில் நீட்டும் நகலை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு நிலையத்துக்கு ஒரே தாள் இருப்பதும் இல்லை. சமுதாய வானொலி என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இயக்க உரிமம், கோபுரம் நிற்கும் இடத்துக்குச் சாக்ஃபா என்ற ஆலோசனைக் குழு தரும் ஒப்புதல் என்று மூன்று இருக்கும். மூன்றிலும் ஒரே உயரமும் ஒரே இடமும் இருக்கின்றனவா என்று மேசையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் அங்கேயே கிடைத்துவிடும். பழைய தாள்கள் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தையும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் மேற்கோள் காட்டும். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் 2024 ஜூனிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நீங்கள் எழுதப்போகும் குறைக்கு அன்றைய தேதியில் எந்த விதி பொருந்தும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

2. இடத்தைச் சரிபாருங்கள். ஜி.பி.எஸ். கருவி காட்டும் எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே கோபுரத்தை நகர்த்திவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். பழைய உரிமங்களில் உள்ள இடக்குறிப்புகள் எவரெஸ்ட் முறையில் வரைந்த நில அளவை வரைபடங்களிலிருந்து எடுத்தவை. உங்கள் கையில் இருப்பது டபிள்யூ.ஜி.எஸ். 84 முறை. இந்த வித்தியாசம் மட்டுமே நூறு மீட்டரைத் தாண்டும். இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. 13.05 டிகிரி என்று இருப்பதை 13 டிகிரி 5 நிமிடம் என்று யாரோ எழுதிவிட்டால் கோபுரம் தாளில் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். விமான நிலையத்தின் அருகே இருக்கிற கோபுரத்துக்கு இந்தப் பிழை நேர்ந்தால், இல்லாத இடத்துக்கு ஒப்புதல் கொடுத்திருப்பார்கள். உண்மையில் நிற்கிற கோபுரத்தை விமானத் துறை பார்த்தே இருக்காது.

3. டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் உள்ள மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இந்த ஓர் அறிவுரைக்கு மற்றவற்றைவிட அதிக இடம் தருகிறேன், ஏனென்றால் மிகுதியான மீறல்கள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

நம் நாட்டில் சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் டிரான்ஸ்மிட்டர் 50 வாட். ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் பயனுறு திறன் 100 வாட்டைத் தாண்டக் கூடாது. கோபுரம் 15 மீட்டருக்குக் குறையவும் கூடாது, 30 மீட்டருக்கு மேலும் போகக் கூடாது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் தொடங்கியதிலிருந்து இந்தச் சிறிய நிலையங்கள் நாடெங்கும் பெருகியிருக்கின்றன. நீங்கள் சோதிக்கப்போகும் முதல் நிலையம் பெரும்பாலும் இப்படிப்பட்டதாகவே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 50 வாட் கிளம்புகிறது. ஃபீடர் கேபிளில் 1 டெசிபல் போகிறது. ஆன்டெனா 3 டெசிபல் கூட்டித் தருகிறது. நிகரமாக 2 டெசிபல் லாபம், ஆகவே வெளியே போவது ஏறத்தாழ 79 வாட். எல்லாம் ஒழுங்கு. இரண்டு ஆண்டு கழித்துக் காற்றில் ஆன்டெனா ஒடிகிறது. விற்பனையாளர் "இது இன்னும் நல்லது, தூரம் போகும்" என்று சொல்லி 6 டெசிபல் ஆன்டெனாவை மாட்டிவிட்டுப் போகிறார். டிரான்ஸ்மிட்டரின் மீட்டர் இன்றும் 50 வாட்தான் காட்டுகிறது. வெளியே போவதோ 158 வாட். நிலையத்தில் இருப்பவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது. அந்தப் புதிய ஆன்டெனா பழையதைவிடக் கனமானது, அதிகக் காற்றை வாங்கும். கோபுரத்தின் வலிமையைக் கணக்கிட்ட பொறியாளர் இந்தப் பாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. உரிமத்தில் ஒரு மீறல் என்று நீங்கள் எழுதுவதும், அடுத்த புயலில் கோபுரம் தாங்குமா என்ற கேள்வியும் ஒரே நட்டு போல்ட்டிலிருந்து பிறந்தவை.

ஆகவே ஆன்டெனாவின் பெயர்ப்பலகையைப் பைனாகுலரில் பாருங்கள். வாங்கிய ரசீதைக் கேளுங்கள். டெசிபல் எண்ணுக்குப் பின்னால் டி.பி.டி. (டைபோல் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட எண்) என்று இருக்கிறதா, டி.பி.ஐ. (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட எண்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 2.15 டெசிபல் இருக்கிறது. பெருக்கலாகச் சொன்னால் 1.64 மடங்கு. இதில் குழம்பினால் குற்றமில்லாத நிலையத்தின்மேல் குறை எழுதிவிடுவீர்கள், அல்லது குறையுள்ள நிலையத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

4. உச்சி விளக்கை இரவில் பாருங்கள். பகலில் விளக்கு எரியுமா என்று கேட்டால் "எரியும் சார்" என்பார்கள். ஊருக்குள் தங்குகிறீர்கள் என்றால் இரவு உணவுக்குப் பிறகு ஒரு நடை போய் அண்ணாந்து பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக அடித்த பெயின்ட் வெளுத்துப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். மின்சாரம் போனால் விளக்குக்குத் தனி பேட்டரி உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

5. ஸ்பெக்ட்ரம் அனலைசரை நிலையத்தின் சொந்த அலைவரிசையில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. அங்கே எல்லாம் அழகாகத்தான் இருக்கும். எஃப்.எம். ஒலிபரப்பு 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதே 108-இல் விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. ஓடுபாதையின் நடுக்கோட்டை விமானிக்குக் காட்டும் கருவி 108-க்கும் 112-க்கும் இடையே வேலை செய்கிறது. ஒரே கோபுரத்தில் 98 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிலையமும் 104-இல் இன்னொரு நிலையமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உரிமப்படி நடக்கின்றன. ஆனால் ஒன்றின் அலை மற்றதன் டிரான்ஸ்மிட்டருக்குள் புகுந்து கலந்தால், 104-ஐ இரட்டித்து 98-ஐக் கழித்தால் வருகிற 110 மெகாஹெர்ட்ஸில் யாரும் கேட்காத ஓர் அலை பிறக்கும். அது நேராக விமானியின் கருவிக்குப் போகும். வடிகட்டிகள் இதற்காகத்தான் இருக்கின்றன. "பழுது பார்க்கக் கழற்றினோம், இன்னும் மாட்டவில்லை" என்று சொன்னால் அன்றே அதை மேலே தெரிவியுங்கள்.

இந்தக் கலப்பு டிரான்ஸ்மிட்டருக்குள் மட்டும் நடப்பதில்லை. துருப்பிடித்த இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு டயோடைப் போல வேலை செய்யக்கூடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கோபுரங்களில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். அனலைசரில் காரணமில்லாத ஒரு முள் தெரிகிறது. காற்று அடிக்கும்போது அது எழும்பி அடங்குகிறது. அப்போது எலக்ட்ரானிக்ஸ் ஆளைத் தேடாதீர்கள், இரும்பைப் பார்க்கிற ஆளைக் கூப்பிடுங்கள். எங்கோ ஒரு போல்ட் தளர்ந்து துருவேறியிருக்கிறது. அலையில் தெரிகிற குறையும் எஃகில் இருக்கிற குறையும் ஒன்றே என்று நான் உறுதியாக நம்பத் தொடங்கியது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

6. ஏறுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை அணைக்கச் சொல்லுங்கள். உங்களுக்காக மட்டும் இல்லை, உங்களோடு ஏறும் ஆளுக்காகவும்.

ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பின்படி எஃப்.எம். அலைவரிசையில் பொதுமக்கள் இருக்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 2 வாட், பயிற்சி பெற்ற தொழிலாளர்களுக்கு 10 வாட். 100 வாட் பயனுறு திறனுள்ள சிறிய நிலையத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த 2 வாட் எல்லை ஆன்டெனாவிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் முடிந்துவிடும். கீழே நிற்பவருக்கு ஒன்றுமில்லை. ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்து போல்ட் முடுக்குகிறவர் அந்த இரண்டரை மீட்டருக்குள்தான் இருக்கிறார். அதே கணக்கைக் கொடைக்கானல் எஃப்.எம். போல 10 கிலோவாட் நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். எல்லை பல மடங்கு விரிந்துவிடும்.

மத்திய அலை நிலையம் வேறு கதை. தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறனோடு கடல் கடந்து ஒலிக்கும் அகில இந்திய வானொலி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை நிலையத்தில் ஆன்டெனா கோபுரத்தின்மேல் மாட்டியிருப்பதில்லை, கோபுரமே ஆன்டெனா. பீங்கான் அடிப்பீடத்தின்மேல் தரையைத் தொடாமல் நிற்கிறது. தரையில் கால் வைத்தபடி அதைத் தொட்டால் கை வெந்துவிடும். சுற்றிலும் உள்ள வேலி பூட்டியிருக்கிறதா, அந்தக் கம்பிவேலிக்கே எர்த் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் அங்கும் போய்ப் பாருங்கள். 1053 கிலோஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 71 மீட்டர். உயரமான கிரேன் ஒன்று கொக்கியைத் தொங்கவிட்டு நின்றால் அதுவே ஆன்டெனாவாகி அலையை வாங்கும். கொக்கியைப் பிடிக்கிற கூலியாளுக்குத் தீக்காயம் ஏற்பட்டால் அவருக்கு ஏன் என்றே தெரியாது. உங்கள் படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள்.

அணைத்த பிறகு சுவிட்சில் பூட்டுப் போட்டுச் சாவியை ஏறுகிறவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலையப் பொறியாளரிடம் சாவி இருந்தால் அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை. விளம்பர நேரம் வந்துவிட்டது என்று யாரும் அவசரப்பட்டு ஓட்டிவிடக் கூடாது.

7. கைப்பேசிக் கோபுரங்களில் கூட்டல் தெரிய வேண்டும். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அனுமதித்தது. அந்தக் கணக்கில் 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-க்கு 0.9, அதற்கு மேலே 2100, 2300 எல்லாவற்றுக்கும் 1 வாட். சோதனைக்குப் போகும் அன்று நடப்பிலுள்ள சுற்றறிக்கையைக் கையில் வைத்திருங்கள். மனப்பாடமான எண்ணை வைத்து யாருக்கும் அபராதம் எழுதக் கூடாது, ஏனென்றால் ஒரு கோபுரத்துக்கு ஒரு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதித்த விதி இது.

ஒரே மாடியில் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. முதலாவது 900-இல் 0.2, இரண்டாவது 1800-இல் 0.5, மூன்றாவது 2100-இல் 0.1 என்று அளந்திருக்கிறீர்கள். தனித்தனியே மூவரும் வரம்புக்குள் இருக்கிறார்கள். மூவரும் சொந்தச் சான்றிதழில் "சரி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்டுங்கள்: 0.44, 0.56, 0.1. மொத்தம் 1.1. ஒன்றைத் தாண்டிவிட்டது. அங்கே குடியிருப்பவருக்கு மூன்று நிறுவனங்கள் என்ற கணக்கு இல்லை. ஓர் உடம்புதான் இருக்கிறது.

காலை பதினொரு மணிக்கு அளந்துவிட்டு ஊர் திரும்பாதீர்கள். கைப்பேசிக் கோபுரம் பேச்சும் டேட்டாவும் கூடக் கூட அதிகம் வெளிவிடும். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு அளந்து பாருங்கள். ஆறு நிமிடச் சராசரி எடுக்கும்போது உங்கள் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி எதிரே இருக்கிற கோபுரத்தைவிட அதிகம் காட்டிவிடும்.

8. பயப்படுகிற மக்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். "டவர் வந்ததிலிருந்து குருவி வரவில்லை, குழந்தைக்குத் தலைவலி" என்று சொல்கிறவரை அறியாதவர் என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2011-இல் வானொலி அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பட்டியலில் சேர்த்தது. அதே நேரம், வரம்புக்குள் இருக்கும் கோபுரத்தால் இந்த நோய் வந்தது என்று நிறுவப்படவில்லை. இரண்டையும் சொல்லுங்கள். மீட்டரை அவர் கையில் கொடுத்து அவர் வீட்டுக்குள்ளேயே அளந்து காட்டுங்கள். பொதுமக்கள் 4,000 ரூபாய் கட்டித் தங்கள் வீட்டருகே அளக்கச் சொல்லிக் கேட்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் 2017-இலேயே வழி செய்திருக்கிறார்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

ஒன்றை அவர்களுக்கு விளக்குங்கள், நீங்களும் மறக்காதீர்கள். ஆன்டெனா எதிரே நோக்கி அலையை வீசுகிறது. கோபுரத்தின் நேர் கீழே உள்ள வீட்டில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தெருவுக்கு அந்தப் பக்கம், ஆன்டெனா உயரத்துக்குச் சமமாக எழும்பியிருக்கிற மாடியில்தான் கூடுதலாக இருக்கும். புகார் கொடுத்தவர் கீழ்வீட்டுக்காரர். ஆபத்து இருந்தால் அது புகார் கொடுக்காத எதிர்மாடிக்காரருக்கு. அந்த மாடிக்கு ஏறி அளக்காமல் வேலை முடிந்ததாக எழுதாதீர்கள். கோபுரத்துக்கு அனுமதி வாங்கும்போது அந்த மாடியே இல்லாமல் இருந்திருக்கலாம்.

9. எர்த்தைக் கோடையில் அளந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊறிய மண்ணில் எந்த எர்த்தும் நல்ல எண்ணைக் காட்டும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்த கரிசலிலோ பாறை நிலத்திலோ அளந்தால் உண்மை தெரியும். மழைக்காலத்தில்தான் போக நேர்ந்தது என்றால் அளந்த தேதியையும் மண்ணின் ஈரத்தையும் சேர்த்து எழுதி, கோடையில் மறுபடி அளக்கப் பரிந்துரையுங்கள். அளவுக் கம்பியைக் கோபுரத்துக்கு அருகிலேயே நட்டுவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வது வீண் வேலை; தூரக் கம்பி இருக்கும் தொலைவில் அறுபத்திரண்டு சதவீதத்தில் நடுக்கம்பி இருக்க வேண்டும். செப்புப் பட்டை திருடு போகும் ஊர்களும் உண்டு. பட்டை மண்ணுக்குள் இறங்குவது மட்டும் தெரிந்தால் போதாது, அங்கே ஓரடி தோண்டிப் பாருங்கள்.

10. ஸ்டே கம்பிகளால் நிற்கும் கோபுரத்தில் கம்பியின் அடிக்குப் போங்கள். எல்லோரும் உச்சியைப் பார்ப்பார்கள்; கோபுரத்தைப் பிடித்திருப்பது மாடு மேயும் இடத்தில் மண்ணுக்குள் இருக்கிற நங்கூரம். போலந்தின் கான்ஸ்டன்டினூஃபில் நின்ற வார்சா வானொலிக் கோபுரம் 646 மீட்டர். அந்நாளில் உலகிலேயே உயரமான கட்டமைப்பு. 1991 ஆகஸ்ட் 8 அன்று அது சரிந்தது, புயலில் அல்ல, ஸ்டே கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தபோது. பராமரிப்பு வேலை நடக்கிற நாள்தான் கோபுரத்துக்கு மிக ஆபத்தான நாள். கம்பி மாற்றும் வேலையின் திட்டத்தையும் அதை ஒப்புக்கொண்ட பொறியாளரின் கையெழுத்தையும் கேட்டு வாங்குங்கள். 2016-இல் வர்தா, 2018-இல் கஜா போன்ற ஒரு புயல் கடந்த பிறகு நிமிர்ந்து நிற்கிற கோபுரங்களையும் சோதிக்க வேண்டும். விழுந்ததை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். விழாததில் இழுபட்ட கம்பியையும் நெகிழ்ந்த போல்ட்டையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

11. வாட்ச்மேனிடம் பேசுங்கள். எந்த இரவில் விளக்கு அணைந்தது, யார் வந்து எந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார், மேலே மலைத்தேனீ எந்த மாதம் கூடு கட்டும் என்பதெல்லாம் லாக் புத்தகத்தில் இருக்காது, அவரிடம் இருக்கும். ஏறும் ஆளின் பெல்ட்டை நீங்களே கையில் வாங்கித் தையலைப் பாருங்கள். இரண்டு கொக்கி இருக்க வேண்டும், ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கணக்கில் அவர் தினக்கூலி. அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. உங்கள் அறிக்கையில் அவருக்குக் கிடைத்த பயிற்சியும் காப்பீடும் பற்றி ஒரு வரியாவது இருக்கட்டும்.

எல்லோரிடமும் பேசுங்கள், ஆனால் நிலையத்தாரின் வண்டியில் போகாதீர்கள், அவர்கள் போட்டுக் கொடுக்கும் அறையில் தங்காதீர்கள். அவர்கள் நல்ல மனிதர்களாகவே இருப்பார்கள். நல்ல மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு குறை எழுதுவது கடினம் என்பதால்தான் சொல்கிறேன்.

12. அறிக்கையில் "திருப்திகரம்" என்ற வார்த்தையை எழுதாதீர்கள். எந்தக் கருவி, அதன் கேலிபரேஷன் எந்தத் தேதி வரை, எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, என்ன எண், என்ன வரம்பு. அளக்காததை "அளக்கவில்லை" என்றே எழுதுங்கள். ஏணி பூட்டியிருந்தது, மழை பெய்தது, சாவி வரவில்லை என்று காரணத்தையும் சேருங்கள். காலியாக விட்ட கட்டத்தைப் பின்னால் படிப்பவர் "சரி" என்று எடுத்துக்கொள்வார்.

குறைகளில் இரண்டு வகை உண்டு. லாக் புத்தகம் எழுதவில்லை, சமுதாய வானொலி மூன்று மாத நிகழ்ச்சிப் பதிவுகளை வைத்திருக்கவில்லை என்பவை அறிக்கையில் போய்ச் சேரட்டும், அதற்குக் கால அவகாசம் கொடுக்கலாம். வேலியில்லாத மத்திய அலைக் கோபுரம், வடிகட்டி கழற்றிய டிரான்ஸ்மிட்டர், அறுந்த ஸ்டே கம்பி இவற்றுக்கு அறிக்கை எழுதி முடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அங்கிருந்தே மேலதிகாரியைத் தொலைபேசியில் அழையுங்கள், நிலையத்தாரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்துவிட்டோம் என்று பின்னர் புகைப்படம் அனுப்புவார்கள். புகைப்படத்தை வைத்துக் கோப்பை மூடாதீர்கள். அதே கருவியோடு, முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதிய பிறகு மூடுங்கள்.